திரையும் பலகையும்: தென்னாட்டுத் தெய்வ ஓவிய மரபு

கதிர்காமத்துக்கு வடக்கேயிருந்து கால்நடையாய்ச் செல்லும் அடியார் கூட்டத்தின் பழைய வழி நம் மாவட்டத்தின் ஊடாகவே செல்லுகின்றது. திருகோணமலையிற் கோணேசரை வணங்கி, துறைமுகத்தின் தென்கரையாகிய மூதூரை அடைந்து, தோப்பூர்ப் பக்கத்து வயல்வெளிகளைக் கடந்து, வெருகலம்பதியிலே சித்திர வேலாயுதரை வழிபட்டு, மட்டக்களப்பு நாட்டிற் புகுந்து, உகந்தைமலை வழியாக அவர்கள் கதிர்காமம் சேர்வர். இத்துணைத் தொலைவு நடந்தவர்கள் கருவறையின் முன்னின்று காண்பது யாது? கல்லிற் சமைத்த திருவுருவமன்று. செம்பில் வார்த்த திருமேனியுமன்று. துணியில் எழுதிய ஓர் ஓவியம். வள்ளியும் தெய்வயானையும் உடன்விளங்க மயில்மீது வீற்றிருக்கும் முருகனது உருவம் தீட்டிய திரைச்சீலை அது. வாயைத் துணியாற் கட்டிய கப்புறாளை திரைக்கு அப்பாற் சென்று பூசை செய்வார். அடியார் திரைக்கு இப்பால் நின்று கைகூப்புவர். திருவிழாவிலே பேழையுள் வைத்து யானைமீது எழுந்தருளுவிக்கப்படுவதும் யந்திரமேயன்றி உருவமன்று.

தில்லையிலும் திரையுண்டு. ஆங்குத் திரையை விலக்கி வெளியைக் காட்டுவர். கதிர்காமத்திலோ அடியார்க்காகத் திரை விலகுவதில்லை. திரையே திருமுகமாய் நிற்கின்றது. ஓவியத்துக்கு இதனினும் மேலான இடம் சைவ உலகில் வேறெங்கும் கிடைத்ததென யாம் கருதவில்லை. ஆயினும், ‘சாமிப்படம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிக் கடந்துபோகும் பொருள் எவ்வகையானது, எவ்வாறு செய்யப்படுவது, நம்மிடத்தில் அது என்னவாகின்றது என்பனவற்றை எண்ணிப்பார்ப்பவர் சிலரே. இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவரும், இன்று வகுப்பறையில் இருக்கும் இளையோரும் அதனைச் சற்றே எண்ணுதல் நன்று.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். சித்திரம் என்பதற்கு ஓவியம், அழகு, வியப்பு எனப் பல பொருள் உண்டு. சிற்ப நூலார் அதனை வேறொரு நுட்பமான பொருளில் வழங்குவர். நாற்புறமும் உருத்திரண்டு நிற்கும் படிமம் அவர்க்குச் சித்திரம். சுவரிற் பாதி புடைத்து நிற்பது அர்த்தசித்திரம். சுவரிலும் பலகையிலும் துணியிலும் வண்ணத்தால் எழுதப்படுவது சித்திராபாசம். ஆபாசம் என்னும் வடசொல்லுக்கு ஒளிர்தல், தோற்றம் என்பன பொருள். பிற்காலத் தமிழில் அச்சொல் இழிபொருள் எய்திவிட்டமையால், இப்பெயரைக் கேட்டு மாணவர் நகைப்பதுண்டு. நகைத்தபின் பொருளையும் அறிந்துகொள்க. இப்பகுப்பின் உட்கிடை யாதெனின், எழுதப்பட்ட உருவமும் படிமத்தின் ஒரு வகையே என்பதாம். ஓவியம் படிமத்தைப் பார்த்து வரைந்த நகலன்று. கல், செம்பு, வண்ணம் என ஊடகம் வேறாயினும் தெய்வம் உறைதற்குரிய இருக்கை என்ற வகையில் மூன்றும் ஓரினம்.

மேனாட்டார் முறையிற் பயின்ற கண்ணுக்கு நம் தெய்வப் படங்கள் குறையுடையனவாய்த் தோன்றுவது இவ்வுண்மையை அறியாமையினாலே. நிழலும் வெளிச்சமும் இல்லை. தூரத்துப் பொருள் சிறுத்துத் தோன்றுவதில்லை. நடுவில் இருக்கும் தெய்வம் பேருருவாகவும் அருகே நிற்போர் சிற்றுருவாகவும் இருக்கின்றனர் என்பர். இக்குறைகள் யாவும் படத்தைப் ‘பார்க்கும்’ ஒருவனை எண்ணிச் சொல்லப்படுவன. நம் ஓவியன் எண்ணியதோ, படத்தின்முன் நின்று வணங்குபவனை. காட்சி என்பது இருவர் செயல்: அடியவன் இறைவனைக் காண்கிறான், இறைவனும் அடியவனைக் காண்கிறான். அதனாலன்றோ நடுவிருக்கும் தெய்வம் நேர்முகமாய் இரு கண்ணும் தோன்ற எழுதப்பட, அருகிருப்போர் பெரும்பாலும் பக்கமுகமாய்த் தெய்வத்தை நோக்கி எழுதப்படுகின்றனர். அவர்கள் நம்மைப் பார்ப்பதற்கு நியமிக்கப்பட்டவர்களல்லர்.

இனி அளவு. நூலார் உருவத்தின் உயரத்தைத் தாலக் கணக்காற் கூறுவர். தாலம் என்பது முகத்தின் நீளம். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்கட்கு உத்தம தசதாலம். அதாவது உயரம் 124 அங்குலம். தேவியர்க்கு மத்திம தசதாலம், 120 அங்குலம். விநாயகர்க்குப் பஞ்சதாலம் போதும். அவரது குறுகிப் பருத்த வடிவம் அதனால் அமைகின்றது. ஈண்டு அங்குலம் என்றது அடிக்கோலின் அங்குலமன்று. எழுதக் கருதிய உருவத்தின் மொத்த உயரத்தை 124 கூறாக்கினால் வரும் ஒரு கூறே அவ்வுருவத்துக்கு அங்குலம். மாணவர் தாமே செய்து பார்க்கலாம்: அடிக்கோலால் 31 அங்குல உயரமுள்ள சிவன் உருவத்துக்கு ஒரு கூறு கால் அங்குலம். உயரம் 62 ஆனால் கூறு அரை அங்குலம். முகம், கழுத்து, மார்பு, தொடை யாவும் அக்கூறுகளால் அளக்கப்படும். எனவே உள்ளங்கையளவு படமும் கோபுரத்தளவு படமும் ஒரே உடலைப் பெறுகின்றன. அளவுகோல் உருவத்துக்குள்ளேயே இருக்கும் இவ்வேற்பாட்டின் அழகைக் கணித ஆசிரியர் மாணவர்க்கு விளக்கினால், சித்திர வகுப்பும் கணித வகுப்பும் ஓரிடத்தில் சந்திக்கும்.

அளவு தெரிந்துவிட்டால் ஓவியனாகிவிட முடியாது. ஒவ்வொரு தெய்வத்துக்கும் தியான சுலோகம் உண்டு: கை எத்தனை, படை எவை, நிறம் யாது, இருக்கை எது என்பன அதில் அடங்கும். கன்மி அதனை மனப்பாடமாய் ஓதி, உருவத்தை உள்ளத்தில் நிறுத்தி, பின்னரே எழுதத் தொடங்குவான். கொழும்பிற் பிறந்து, பொஸ்டன் நகரின் கலைக்கூடத்தில் 1917 முதல் பணிபுரிந்து, 1947இல் அந்நாட்டிலேயே மறைந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் உலகுக்கு எடுத்துரைத்தவற்றுள் இதுவும் ஒன்று. தெய்வ உருவம் ஒரு மனிதனைப் போன்மை அன்று. யந்திரத்தைப் போலத் தியானத்துக்கு அமைந்த கருவி என்பது அவர் கருத்து. கதிர்காமத்திலே திரைக்கு முன் ஓவியமும் பின் யந்திரமும் இருத்தலை நினையுங்கால் அக்கருத்து நன்கு விளங்கும்.

விஷ்ணுதர்மோத்தரம் என்னும் நூலில் மார்க்கண்டேய முனிவரும் வச்சிரன் என்னும் அரசனும் உரையாடும் பகுதி ஒன்றுண்டு. படிமக்கலை கற்க விரும்பும் அரசனை நோக்கி, அதற்கு ஓவியம் அறிதல் வேண்டும். ஓவியத்துக்கு நடனம் அறிதல் வேண்டும். நடனத்துக்கு இசை அறிதல் வேண்டும் என்று முனிவர் படிப்படியாகப் பின்னே கொண்டு செல்வார். ஒரு கலையை மற்றொன்றிலிருந்து பிரித்துப் பரீட்சைப் பாடமாக்கும் நம் காலத்தவர்க்கு அவ்வரசன்பால் இரக்கமே தோன்றும்.

சுவரோவியங்களை விரைந்து குறிப்பிட்டுச் செல்வோம். அவை சுற்றி வரும்போது காணப்படுவன. கருவறைத் தெய்வத்துக்கு ஈடாய் வழிபடப்படுவனவல்ல. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் பனைமலையிலும் பல்லவர் கால ஓவியத்தின் சிதைவுகள் உள. சித்தன்னவாசலின் சமணக் குகையிலே தாமரைப் பொய்கை உளது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றில், இராசராசன் காலத்து ஓவியங்கள் நாயக்கர் காலத்து ஓவியப் படையின்கீழ் மறைந்திருந்தமையை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். திரிபுரம் எரித்த பெருமானும், சேரமான் பெருமாளோடு கயிலை செல்லும் சுந்தரரும் நெடுங்கால இருளுக்குப்பின் நமக்குத் தோன்றினர். ஈரச் சுண்ணச் சாந்தின்மீது வண்ணம் தீட்டிய முறையை, சென்னை நூதனசாலையைச் சேர்ந்த இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து வெளியிட்டார்.

இக்கண்டுபிடிப்பு ஒரு வழக்கையும் உடன்கொண்டு வந்தது. கீழிருக்கும் சோழர் ஓவியத்தைக் காண வேண்டுமாயின் மேலிருக்கும் நாயக்கர் ஓவியத்தை என் செய்வது? அதுவும் பழையதே, அதனை எழுதியவனும் பத்தனே. இந்தியத் தொல்பொருள் துறையினர் மேற்படையை அழியாவண்ணம் பெயர்த்தெடுத்துக் கண்ணாடி நாரிழைப் பலகைகளில் ஒட்டி வைத்தனர். இரண்டும் தப்பின. ஆனால் நாயக்கர் காலத்துக் கன்மி தன்முன் இருந்த சோழர் ஓவியத்தின்மேல் சாந்து பூசியபோது அவன் மனம் கலங்கியிராது. பழையது மங்கிற்று, புதிதாய் எழுதுவோம் என்பதே அவன் நினைவு. சீரணோத்தாரணம் என்று நூல்கள் கூறும் புதுக்கும் அறம் அது. துணி நைந்தால் திரை புதியது வரும். மரம் உளுத்தால் பலகை புதியது வரும். தெய்வம் அதிற் குடிபுகும். இவ்வறம் தவறன்று. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பலகைப் படத்துக்கு வருவோம். 1565இல் விசயநகரப் பேரரசு தலைக்கோட்டைப் போரில் வீழ்ந்தபின் அவ்வரசவையைச் சார்ந்த ஓவியர் பலர் தெற்கே பெயர்ந்தனர். தஞ்சையில் நாயக்கரும், 1676 முதல் 1855 வரை மராட்டியரும் அவர்களை ஆதரித்தனர். இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் (1798–1832) அக்கலை உச்சம் எய்திற்று. தஞ்சையிலும் திருச்சியிலும் ராஜு வகுப்பாரும், மதுரையில் நாயுடு வகுப்பாரும் அதனைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். அவர்களே ஆங்கிலேயர் விரும்பியபடி சாதி, தொழில், சந்தை முதலிய காட்சிகளையும் காகிதத்தில் வரைந்து விற்றனர் என்பது பலர் அறியாதது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பின், நிழலும் தூரமும் எழுத அவர்கட்குத் தெரியும் என்பதும், தெய்வத்துக்கு அவை வேண்டா என்று விட்டனர் என்பதும் புலனாகும்.

செய்முறை பின்வருமாறு. பலாமரப் பலகை எடுப்பர். அதன்மேல் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். மரம் கோடையில் சுருங்கி மாரியில் விரிவது. துணி அவ்வசைவைத் தான் தாங்கி, மேலுள்ள படையை வெடிக்காமற் காக்கும். துணிமேல் சுண்ணக்கல் மாவும் பசையும் கலந்து பலமுறை பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவர். பின்னர் உருவத்தின் கோட்டோவியம். அணிகலன், கிரீடம், தூண், வளைவு, திரை ஆகிய இடங்களில் சுக்கான் மாவையும் பசையையும் குழைத்துத் தூரிகையால் மேடுபட வைப்பர். மணிக்கற்களையும் கண்ணாடித் துண்டுகளையும் அம்மேட்டில் பதிப்பர். காய்ந்தபின் தங்க இலை ஒட்டுவர். வண்ணம் தீட்டுதல் அதற்குப் பின்னர். முகம் கடைசியில், முகத்திலும் கண் கடைசியில். கோயிற் படிமத்துக்குக் கண் திறத்தல் என்னும் சடங்கு உண்டன்றோ? அதனோடு ஒத்தது இது. கண் எழுதும்வரை அது மரமும் சுண்ணமும். எழுதியபின் அது வேறு.

தங்கமும் கல்லும் செல்வச் செருக்கினால் வந்தவை எனக் கருதுவோர் உளர். அது முற்றும் பொருந்தாது. மின்விளக்கு இல்லாத காலத்துப் பூசையறையை நினைக்க. சாளரமற்ற இருண்ட அறை. எண்ணெய் விளக்கு ஒன்று. அதுவும் தாழ இருப்பது. சுடர் அசையும்தோறும் மேடுபட்ட தங்கத்தின் ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓடும். கற்பூரம் காட்டும்போது கற்கள் விழித்தெழும். தட்டையான வண்ணத்தில் எழுதிய முகமோ அசையாது அமைதியாய் நடுவே நிற்கும். அதே படத்தைக் கடையின் வெண்குழல் விளக்கின்கீழ் மாட்டினால் பகட்டாய்த் தோன்றுவது படத்தின் குற்றமன்று. வெண்ணெய்த்தாழிக் கண்ணனையும் இராம பட்டாபிடேகத்தையும் இன்று அவ்வாறே மாட்டிவைத்து விலை பேசுகின்றோம். 2007–08இல் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் கிடைத்தது நன்றே. விளக்கின் ஒளிக்குக் காவல் எவர் தருவர்?

மைசூர்ப் படங்கள் இதன் உடன்பிறப்பு. ஆங்கு மேடு மெல்லியது, தங்கம் அடக்கமானது, கோடு நுண்ணியது. மும்மடி கிருட்டிணராசர் ஆதரவில் அது வளர்ந்தது. எமக்கு அதுவே இனியது. எனினும் சுவை அவரவர்க்குரியது.

கண்ணாடி ஓவியம் ஒன்றும் தஞ்சையில் வழங்கிற்று. அதன் வேலை முறை தலைகீழ். கண்ணாடியின் பின்புறத்தில் எழுதி முன்புறத்தில் நோக்குவதாகையால், மேலே தோன்ற வேண்டியதை முதலில் எழுதல் வேண்டும்: அணியின் புள்ளிகள், புருவம், கருமணி, அதன்பின் உடல்நிறம், இறுதியிலே பின்னணி. பலகையில் இறுதியில் வந்த கண் இங்கே தொடக்கத்தில் வந்துவிடுகின்றது. தவறினால் திருத்த வழியில்லை. இம்முறை சீனக் கைவினைஞர் வழி நம் நாட்டுக்கு வந்தது என்பர்.

துணியில் எழுதும் மரபும் பழையது. காளத்தியிலும், கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயிலுக்குரிய திரைகளும், தேரில் தொங்கவிடும் தொம்பைகளும் எழுதப்பட்டன. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். வெல்லநீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்துப் பெற்ற நீரால் கறுப்புக் கோடு இழுப்பர். சிவக்க வேண்டிய இடத்தில் படிகாரநீர் தடவிச் சாயவேருடன் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடமே சிவப்பைப் பற்றும். ஏனையவை நீரிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். இச்சாயவேர் நம் நாட்டுக்கும் உரியது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலத்தில் தானே விளைந்த அவ்வேரை ஒல்லாந்தர் தம் தனியுரிமையாக வைத்துப் பணம் ஈட்டினர். நம் மண்ணின் வேர் சோழ மண்டலக் கரையின் துணிகளைச் சிவக்கச் செய்த காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்வேரைக் காட்டினால் இன்னதென்று சொல்வார் அரியர்.

இவ்வாறிருக்க அச்சுப் படம் வந்தது. கிளிமானூரிற் பிறந்த இராசா இரவிவர்மா (1848–1906) தம் தாய்மாமனிடம் முதற்கல்வி பெற்றார்; அம்மாமனார் தஞ்சை முறை பயின்றவர். மருமகனோ எண்ணெய் வண்ணத்தையும் நிழல் வெளிச்சத்தையும் பற்றிக்கொண்டார். 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய கல்லச்சுக்கூடம் பின்னர் லோணாவளாவுக்கு அண்மையிலுள்ள மளவலிக்கு மாறி, இறுதியில் ஒரு செருமானியர் கைக்குப் போயிற்று. இலக்குமியும் சரசுவதியும் காகிதத்தில் வீடுதோறும் புகுந்தனர். கோயிற் கருவறை அணுகப்பெறாதிருந்த எத்தனையோ குடும்பத்தார் அன்றுதான் முதன்முதலாகத் தெய்வத்தின் முகத்தை அருகிலே கண்டனர். அச்சுப் படத்தை இகழ்வோர் இதனை மறந்துவிடலாகாது.

அவருக்குப்பின் தமிழகத்தில் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976) தோன்றினார். சென்னையில் ஓவியம் பயின்று, திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தில் தங்கி, பின்னர் நாடகக் கம்பெனியில் காட்சித் திரைகள் எழுதி, கோவில்பட்டியில் நிலைபெற்றவர். அவரும் அவர் மாணாக்கரும் எழுதிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டியாகப் பெருகினர். அரங்கத்தில் திரை எழுதிய கை அது. ஆகவே தெய்வத்தின் பின்னே மலையும் அருவியும் அரண்மனைத் தூண்களும் வந்து சேர்ந்தன. முகத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. நிழல் புகுந்தது, தூரம் புகுந்தது. ஆனால் தெய்வம் நேர்முகமாய் நம்மையே நோக்கிற்று. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தட்டையான அச்சுப்படத்தின்மீது சரிகையும் பட்டுத்துணியும் மணியும் ஒட்டி அணிசெய்த வழக்கம் தமிழகத்து வீடுகளில் பரவியிருந்தது. தஞ்சைப் பலகையில் இழந்த மேட்டை வீட்டுப் பெண்கள் தம் கையால் மீட்டுக்கொண்டனர் என்றே யாம் இதனைக் கருதுகின்றோம்.

நம் ஊர்களை நோக்குவோம். கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தனர். 1950இல் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சில ஆண்டுகளின்பின் கடலடியில் கோயிற் கற்களும் காணப்பட்டன. மண்ணும் கடலும் செம்பையும் கல்லையும் திருப்பித் தந்தன. துணியையும் மரத்தையும் அவை தருவதில்லை. அக்கோயிலில் எத்திரை தொங்கிற்று, எச்சுவரில் எது எழுதப்பட்டிருந்தது என்பதற்கு இன்று கண்கூடாகக் காட்ட யாதும் இல்லை. படிமக்கலையில் ஓவியமே முதலில் இறக்கும் உயிர்.

அண்மைக்காலமும் அதற்கு இரங்கவில்லை. 1964 மார்கழிப் புயல், 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வு, 2004இன் ஆழிப்பேரலை, 2006இல் மூதூர், தோப்பூர், சம்பூர்ப் பகுதிகளைச் சூழ்ந்த போர் என ஒன்றன்பின் ஒன்றாய் வந்தவற்றில் தமிழரும் முஸ்லிம் மக்களும் வீடுவிட்டு ஓடினர். அவ்வேளையில் கையிற் குழந்தையையும் உறுதிப் பத்திரத்தையும் எடுப்பரன்றிச் சுவரிலுள்ள கண்ணாடிப் படத்தை எடுப்பார் உண்டோ? ஆண்டுகள் சென்று திரும்பியோர் கூரையற்ற வீட்டுச் சுவரில் ஆணியை மட்டும் கண்டனர். இன்று நம் சாமியறைகளில் இருக்கும் படங்களுட் பெரும்பாலன அதன்பின் வாங்கியவை. எனவே அதற்கு முந்திய ஒரு படம் எவர் வீட்டிலேனும் தப்பியிருப்பின் அது அரும்பொருள், அச்சுப்படமாயினும் அரும்பொருளே.

முன்னர்ச் சொன்ன நிபந்தனைக்கு இப்போது வருகின்றோம். பழையதை நீக்கிப் புதியது எழுதும் அறம், எழுதும் கை உயிரோடிருக்கும்வரை அறமாயிருக்கும். நாயக்கர் காலத்தவன் மறைத்தான்; ஆனால் மறைத்த இடத்தில் தானும் தியான சுலோகமும் தாலமும் அறிந்து எழுதினான். இன்று கும்பாபிடேகம் நெருங்கியதும், தகரப் பேணிகளில் வரும் தீந்தையைக் கொண்டு, கிடைத்த மாதிரிப் படத்தைப் பார்த்து, மூன்றே நாளில் சுவரையும் தூணையும் முடித்துவிடுகின்றோம். திருப்பணிச் சபையாரைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. மழை ஒழுகும் கூரையை வைத்துக்கொண்டு ஓவியத்தைப் பேணுக என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் சீமெந்துச் சாந்தின்மீதும் பழைய சுண்ணச் சுவரின்மீதும் எனாமல் தீந்தை ஒரே வகையாய் நிற்காது. சுண்ணச் சுவர் ஈரத்தை உள்ளிழுத்து வெளிவிடுவது. தீந்தை அவ்வழியை அடைக்க, உள்ளே தங்கிய ஈரம் உப்பைக் கொணர்ந்து படையைப் பொருக்கெனப் பெயர்த்துவிடும். கடற்காற்றுள்ள நம் பகுதியில் இது இரட்டிப்பு விரைவில் நிகழும். அப்போது புதியதும் போம். அதனோடு ஒட்டிய பழையதும் போம்.

வீட்டுப் படங்களைப் பற்றிச் சில சொல்வது பயன்படும். பலகைப் படத்தை ஈரத்துணியால் துடைத்தல் கூடாது. சுண்ணமும் புளியங்கொட்டைப் பசையும் நீரில் இளகுவன. மங்கிற்றென்று எண்ணெய் தடவுதலும் கூடாது. எண்ணெய் தூசியையும் புகையையும் பற்றிக் கறுக்கும். படத்தைச் சுவரோடு ஒட்ட மாட்டாமல், பின்புறம் காற்றோட ஒரு விரலளவு இடைவெளி விடுக. சந்தனமும் குங்குமமும் கண்ணாடிமேல் இடுக. கண்ணாடியற்ற படத்தில் சட்டத்தின்மேல் இடுக. உதிரும் வண்ணத்தைச் சுரண்டவேண்டா. பழைய மஞ்சளில் அரிதாரமும் பழைய சிவப்பில் சாதிலிங்கமும் இருத்தல் கூடும். முன்னது பாடாணம் அடங்கியது, பின்னது இரசம் அடங்கியது. அவை சுரண்டப்பட்டால் படத்துக்கும் கேடு, சுரண்டும் சிறுவனுக்கும் கேடு.

பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. விழாவுக்கென்று கட்டடமும் கடிகாரமும் வழங்குதல் வழக்கம், அவை வேண்டுவனவே. அவற்றோடு, தோப்பூரைச் சூழ்ந்த ஊர்களில் உள்ள கோயில் திரைகளையும் சுவரோவியங்களையும் வீட்டுத் தெய்வப் படங்களையும் மாணவர் சென்று பார்த்து எழுதிவைக்கும் ஏடு ஒன்றைக் கல்லூரியில் தொடங்குவோமாக. பெருஞ்செலவு இல்லை. கையடக்கத் தொலைபேசியிலேயே நல்ல நிழற்படம் எடுக்கலாம்: முழுப்படம் ஒன்று, முகம் ஒன்று, கை ஒன்று, சிதைந்த இடம் ஒன்று, பின்புறம் ஒன்று. நீளம், அகலம், துணியோ மரமோ காகிதமோ கண்ணாடியோ, எத்தெய்வம், எத்தனை கை, எவை படை, எத்திசை நோக்கி மாட்டப்பட்டது என்பன எழுதப்பட வேண்டும். எவர் வாங்கினார், எங்கே, எந்த ஆண்டளவில், இடப்பெயர்வில் எவ்வாறு தப்பியது என்பதை வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே குறிக்க வேண்டும். கும்பாபிடேகத்துக்கு நாள் வைத்த கோயிலுக்கு முதலிற் செல்க. சாரம் கட்டுமுன் செல்க. உரியவர் உடன்படாவிடின் வற்புறுத்தவேண்டா. பூசையிலிருக்கும் படத்தைத் தொடவும் வேண்டா.

பின்புறத்தை நிழற்படம் எடுக்கச் சொன்னது காரணத்தோடுதான். சட்டத்தின் பின்னே ஒட்டிய பழுப்புத் தாளில் கண்ணாடி போட்ட கடையின் பெயர்ச்சீட்டோ, அச்சகத்தின் பெயரோ, பென்சிலால் எழுதிய ஒரு திகதியோ இருக்கக்கூடும். புதிய சட்டம் போடக் கொடுக்கும்போது கடைக்காரர் முதலிற் கிழித்தெறிவது அத்தாளையே. அதனைத் தனியே எடுத்து உறையிலிட்டுத் தரும்படி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.